புதுக் குட்டை வெட்டினோம், கரை நிற்கவில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆனி மாத மாலை மழை இரண்டு மூன்று விழுந்ததுமே கடிதங்கள் வர ஆரம்பித்துவிட்டன. வீடு தண்டையார்பேட்டையிலோ கொடுங்கையூரிலோ திருவொற்றியூரிலோ இருக்கிறது, நிலம் மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கம் இருக்கிறது, கோடையில் குட்டை வெட்டியிருக்கிறார்கள், இப்போது கரை சரிகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய வேலை என்பதால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: மீஞ்சூர் தாண்டி எங்களுக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. கணவர் ஓய்வு பெற்றதும் தோட்டம் போடலாம் என்று சித்திரையில் ஜேசிபி வைத்து 60 அடிக்கு 40 அடி, 8 அடி ஆழத்தில் குட்டை வெட்டினோம். வெட்டிய மண்ணை நாலு பக்கமும் ஓரத்திலேயே கரையாகக் கொட்டிவிட்டார்கள். போன வாரம் பெய்த மழையில் இரண்டு பக்கம் பாளம் பாளமாக உள்ளே விழுந்துவிட்டது. சுற்றிலும் சுவர் எழுப்பினால்தான் நிற்கும் என்கிறார் கொத்தனார். அவர் கேட்கிற தொகை குட்டை வெட்டிய செலவைவிடப் பல மடங்கு. கட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அம்மா, தயவுசெய்து அந்தப் பணத்தை இப்போது கொடுக்காதீர்கள். சுவர் எழுப்பினால் மண் ஏன் விழுகிறது என்கிற காரணம் சுவருக்குப் பின்னால் அப்படியே இருக்கும். மழையில் ஊறிய மண் பின்னாலிருந்து தள்ளும், முன்னால் குட்டையில் தண்ணீர் குறைந்திருந்தால் எதிர்த்து நிற்க எதுவும் இருக்காது, ஈர மணலில் போட்ட அஸ்திவாரம் நகரும், சுவரும் சேர்ந்து உள்ளே வரும். தண்ணீர் வடிய ஓட்டைகள் விட்டு, முறையாகக் கணக்குப் போட்டு ஒரு பொறியாளர் கட்டினால் நிற்கும்தான். ஆனால் தோட்டத்துக் குட்டைக்கு அவ்வளவு தேவையில்லை.

உங்கள் பக்கத்து மண் கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் காலங்காலமாகக் கொண்டுவந்து பரப்பிய மண். பல இடங்களில் மேலே இரண்டு மூன்று அடி களி, அதற்குக் கீழே மணல், மறுபடி களி என்று அடுக்கடுக்காக இருக்கும். செங்குத்தாக வெட்டினால் நடுவில் இருக்கும் மணல் அடுக்கு முதலில் தண்ணீரோடு கசிந்து வெளியே வந்துவிடும், மேலே இருக்கும் களி அடி இல்லாமல் தொங்கும், அப்புறம் ஒரு மழையில் மொத்தமாக விழும். நீங்கள் சொல்கிற ‘பாளம் பாளமாக’ என்பது பெரும்பாலும் இதுதான். கூடவே ஓரத்தில் கொட்டிய மண்ணின் பாரம் வேறு. கரைக்கு மேலே போய்ப் பாருங்கள், விளிம்புக்கு இணையாக நீளமாக வெடிப்பு ஓடியிருந்தால் அந்த இடம்தான் அடுத்து விழப்போகிறது, அதன்மேல் யாரும் நிற்க வேண்டாம்.

அதனால் முதல் வேலை, ஓரத்து மண்ணை எடுத்துப் பின்னால் தள்ளுவது. விளிம்புக்கும் மண் மேட்டுக்கும் நடுவில் குறைந்தது ஐந்தாறு அடி வெற்று இடம் இருக்க வேண்டும். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், புல் நடும்போது அது தங்கம். மிச்ச மண்ணை லாரியில் ஏற்றி விற்றுவிடலாம் என்று யாராவது வருவார்கள். சொந்தப் பட்டா நிலமானாலும் அனுமதி இல்லாமல் மண்ணை வெளியே அனுப்பக் கூடாது, நிலத்துக்குள்ளேயே மேடாக்கிக் காய்கறிப் பாத்தி போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, சரிவு. ஓரடி ஆழத்துக்குப் பக்கவாட்டில் எத்தனை அடி சாய்க்க வேண்டும் என்பது மண்ணைப் பொறுத்தது. நல்ல களிமண் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு அடி போதும், மணல் கலந்த வண்டலுக்கு இரண்டிலிருந்து இரண்டரை, வெறும் மணலுக்கு மூன்று அடி. உங்களுக்கு இரண்டரை என்று வைத்துக்கொள்வோம். 8 அடி ஆழத்துக்கு ஒரு பக்கத்துக்கு 20 அடி, இரண்டு பக்கமும் சேர்த்து 40 அடி, உங்கள் குட்டையின் அகலமே 40 அடிதான், அதாவது அடித்தளமே மிஞ்சாது! ஆகவே ஆழத்தை 6 அடியாகக் குறைத்து, மேல்வாயை 70க்கு 50 அடியாக விரியுங்கள். அடியில் 40க்கு 20 அடி கிடைக்கும், சுமார் 12,000 கன அடி, அதாவது விளிம்புவரை நிறைந்தால் ஏறக்குறைய 3.4 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். செங்குத்தாக வெட்டியபோது காகிதத்தில் 5.4 லட்சம் லிட்டர் வந்திருக்கும், குறைகிறதே என்று வருத்தமாக இருக்கலாம், ஆனால் அது இரண்டு மழைக்காலத்தில் தூர்ந்துபோகிற கணக்கு. மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாகக் கடல்நீர் நிலத்தடியில் ஏறியிருப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான், அங்கே ஆழம் குறைவாக இருப்பதே நல்லது.

ஹிட்டாச்சிக்காரரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: மேல் விளிம்பை வெட்டித்தான் சரிவு எடுக்க வேண்டும், செங்குத்துச் சுவரின்மேல் மண்ணைக் கொட்டிச் சரிவு மாதிரி காட்டக் கூடாது. கொட்டிய மண் கெட்டிப்படாது, பக்கெட்டால் தட்டுவதெல்லாம் கணக்கில் சேராது. விழுந்த இடங்களில் நிரப்பியே ஆக வேண்டும் என்றால் அரையடி அரையடியாகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையாலோ சின்ன ரோலராலோ இறுக்கி, அப்புறம் அடுத்த அரையடி.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம், இதைத்தான் யாரும் செய்வதில்லை. கரையை அரிப்பதில் பெரும் பங்கு குட்டைக்கு ஓடி வருகிற தண்ணீருக்குத்தான். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் 4 லட்சம் லிட்டர். இந்தப் பக்கம் ஒரே நாளில் 20 செ.மீ. கொட்டுவது புதிதல்ல, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தோம். உங்கள் இரண்டு ஏக்கரில் 20 செ.மீ. விழுந்தால் 16 லட்சம் லிட்டர், பாதி மண்ணில் இறங்கிவிட்டது என்றே வைத்தாலும் 8 லட்சம் லிட்டர் உங்கள் குட்டையைத் தேடி வரும், அது நாலு பக்கக் கரையிலும் இஷ்டப்பட்ட இடத்தில் ஏறி இறங்கினால் கரை எப்படி நிற்கும்?

சுற்றிலும், விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி, ஒரு சின்ன வாய்க்கால் எடுங்கள். வருகிற தண்ணீர் எல்லாம் அதில் விழுந்து, ஒரே ஒரு இடத்தில் குட்டைக்குள் இறங்கட்டும். இறங்குகிற இடத்துக்கு முன்னால் நாலுக்கு நாலு அடியில், மூன்றடி ஆழத்தில் ஒரு வண்டல் தொட்டி தோண்டிவிட்டால் சேறு அங்கேயே தங்கிவிடும், அதைத் தூர் எடுப்பது குட்டையைத் தூர் எடுப்பதைவிட நூறு மடங்கு சுலபம். அந்த ஒரு இறக்கத்துக்கு மட்டும் மேலிருந்து அடிவரை கருங்கல் பதியுங்கள். கல் வாங்குகிற காசு அங்கே செலவாகட்டும்.

வழிந்து போகவும் ஒரு வழி, அதாவது கலங்கல் வேண்டும். கரையின் மிகத் தாழ்ந்த இடத்தைவிட ஒன்றரை அடி தாழ்வாக, ஆறேழு அடி அகலத்தில், கொட்டிய மண்மேல் இல்லாமல் வெட்டுப்படாத பழைய தரையிலேயே எடுங்கள். அகலம் கூடி ஆழம் குறைந்தால் தண்ணீர் மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் புல்லே தாங்கும். சிலர் இதற்குப் பதிலாகக் கரைக்குள் ஒரு பிவிசி குழாயைப் புதைத்துவிடுகிறார்கள், தண்ணீர் குழாய்க்குள் போவதோடு நிற்காமல் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டியும் வழி பிடித்து ஒருநாள் கரையையே உடைத்துவிடும். கலங்கல் தண்ணீர் பக்கத்து நிலத்துக்காரர் வயலில் போய் விழாமல் பழைய ஓடையில் சேர்கிறதா என்பதையும் இப்போதே அவரை வைத்துக்கொண்டே பார்த்துவிடுங்கள், மழையில் சண்டை வேண்டாம்.

கடைசியாகப் புல். ஒதுக்கி வைத்த மேல்மண்ணைச் சரிவில் மூன்று நாலு அங்குலம் பரப்பி, வயல் வரப்பிலிருந்து அருகம்புல் கொடியை எடுத்துத் துண்டு துண்டாக நறுக்கி அரையடிக்கு ஒன்று ஊன்றிவிடுங்கள். தண்ணீர் நிறைந்தால் எந்த மட்டத்தில் நிற்குமோ அதற்குச் சற்று மேலே ஒரு வரிசை வெட்டிவேர், கரையின் தலைப்பில் இன்னொரு வரிசை. அரையடிக்கு ஒரு தூர் என்றால் 240 அடி சுற்றளவுக்கு ஒரு வரிசைக்கு 480 தூர் ஆகும். வரிசையில் இடைவெளி விடாதீர்கள், விட்ட இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். வெட்டிவேர் பக்கவாட்டில் படராமல் நேராகக் கீழே போகும், நல்ல மண்ணில் பத்தடி வரைகூட இறங்கும், நம் ஊர் உப்பையும் ஓரளவு தாங்கும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். ஆடியில் நட்டு, மழை இல்லாத நாளில் தண்ணீர் தெளித்தால் ஐப்பசிக்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசியில் நட்டால் முதல் பெருமழையிலேயே அடித்துக்கொண்டு போகும்.

இதெல்லாம் செய்தும் ஏதோ ஒரு மூலையில் நிற்கவில்லை என்றால், அந்த மூலைக்கு மட்டும் சுவரைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம்.

கேள்வி: அண்ணா, எங்கள் தெருவில் பழைய வீடுகளை இடிக்கிறார்கள், கட்டட இடிபாட்டை இலவசமாகவே கொண்டுவந்து கொட்டுகிறோம் என்கிறார்கள். நிலக்கரிச் சாம்பலும் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். சோழவரம் பக்கத்துக் குட்டைக் கரைக்குப் போடலாமா?
– ஒரு வாசகர், கொடுங்கையூர்

பதில்: சாம்பல் வேண்டவே வேண்டாம், தம்பி. எடை இல்லாத தூள், தண்ணீர் பட்டதும் மண்ணைவிட வேகமாகக் கரைந்து ஓடும், அதில் இருக்கிற கன உலோகங்கள் உங்கள் குட்டைக்கும் கிணற்றுக்கும் இறங்கும். எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் படிந்து மீனவர்கள் பட்ட பாட்டைப் பார்த்த ஊர் நம்முடையது, அதை நாமே காசு மிச்சம் என்று சொந்த நிலத்தில் கொட்டிக்கொள்ளக் கூடாது.

இடிபாடு வேறு விதமான பிரச்சினை. பெரிய பெரிய துண்டாகக் கிடக்கும், இடையில் சந்து இருக்கும், அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் பின்னால் போய் மண்ணை அரித்துக்கொண்டு வரும், மேலே பார்க்கக் கல் அப்படியே இருக்கும், உள்ளே கரை காலியாகியிருக்கும். கம்பி, கண்ணாடி, டைல்ஸ் துண்டு எல்லாம் கலந்து வரும், மாடு இறங்கினால் காலைக் கிழிக்கும், குழந்தைகள் இறங்கினால் இன்னும் மோசம். லாரி உள்ளே வர வழி போட வேண்டும் என்றால் அந்தப் பாதைக்கு நல்ல செங்கல் உடைசலைப் பொறுக்கிப் போடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: விச்சூர் தாண்டி எங்கள் குட்டையில் சரிவும் எடுத்தோம், அருகும் நட்டோம். ஆனால் கரையில் ஆங்காங்கே எலி வளை மாதிரி ஓட்டைகள் விழுகின்றன, எலி எதுவும் கண்ணில் படவில்லை. குட்டைத் தண்ணீர் வாரக் கணக்கில் பால் கலந்த டீ நிறத்திலேயே நிற்கிறது, தெளிவதே இல்லை.
– ஒரு வாசகர், மணலி புதுநகர்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டு அடையாளமும் சேர்ந்து வந்தால் எனக்கு மண்ணில் இருக்கிற சோடியத்தின் மேல்தான் சந்தேகம் வரும். சோடியம் ஏறிய நிலங்களில் களித்துகள்களை ஒன்றோடு ஒன்று பிடித்து வைக்கிற பிணைப்பு போய்விடுகிறது, மழைத்தண்ணீர் பட்டதும் களி கட்டியாக உடையாமல் அப்படியே தண்ணீரில் கலந்து மிதக்கிறது. வெடிப்பு வழியாக உள்ளே போன தண்ணீர் களியைக் கரைத்துக்கொண்டே போய்ச் சுரங்கம் போடுகிறது. ஓட்டை வாயில் மண்ணை அடைத்தால் நிற்காது, பக்கத்திலேயே இன்னொரு வாய் திறக்கும்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். கரையிலிருந்து நல்ல காய்ந்த மண்கட்டி ஒன்று, பட்டாணி அளவுக்கு எடுங்கள். கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி அதில் மெதுவாகப் போட்டு, கலக்காமல், ஆட்டாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். கட்டி உதிர்ந்து அடியில் குவியலாகக் கிடந்து, மேல் தண்ணீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி வெண்மையாகப் பரவினால் சந்தேகம் சரி. போர் தண்ணீரில் போட்டுப் பார்க்காதீர்கள், அதில் இருக்கும் உப்பே களியைக் கலங்க விடாமல் பிடித்து வைத்துவிடும், எல்லாம் சரியாக இருப்பது போலத் தோன்றும்.

கலங்கினால், வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் மாதிரியைக் கொடுத்து, சோடியத்தை வெளியேற்ற எவ்வளவு ஜிப்சம் போட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். கார அமிலத்தன்மை (pH) 8.5-க்கு மேல் இருந்தால் ஜிப்சம் அளவைக் கட்டாயம் கேளுங்கள். குத்துமதிப்பாகப் போட வேண்டாம். ஜிப்சத்தைச் சரிவின் மேல் அரையடி மண்ணில் கலந்து கொத்தி, ஈரமாக்கி, இறுக்கி, அதன்மேல் வேறு இடத்து நல்ல மேல்மண்ணைப் போர்த்திப் புல் நட வேண்டும். ஓட்டைகளை முழு நீளத்துக்கும் தோண்டித் திறந்து, ஜிப்சம் கலந்த மண்ணால் அடுக்கடுக்காக நிரப்பி இறுக்குங்கள். இந்த மண்ணுக்கு வெயிலில் காய்ந்து வெடிப்பதும் பிடிக்காது, திறந்து கிடப்பதும் பிடிக்காது, எப்போதும் ஏதாவது ஒரு பசுமை மூடியிருக்க வேண்டும். கரை நின்றுவிட்டால் தண்ணீர் நிறமும் தானாகத் தெளியும், அதற்கு முன்னால் படிகாரம் வாங்கிக் கொட்டுவது வீண்.

கேள்வி: புழல் ஏரிக்கரை மாதிரி உள்பக்கம் முழுக்கக் கல் பதித்துவிட்டால் ஒரே செலவோடு முடிந்துவிடாதா?
– ஒரு வாசகர், மாதவரம்

பதில்: புழல் 3.3 டி.எம்.சி. கொள்ளும் ஏரி. அவ்வளவு அகலமான தண்ணீர்ப் பரப்பில் காற்று ஓடி வரும்போது அலை எழுந்து கரையில் மோதும், அதற்குக் கல் வேண்டும். எழுபது எண்பது அடிக் குட்டையில் எழுகிற சிற்றலைக்குப் புல்லும் கோரையும் போதும். உங்கள் குட்டை அரை ஏக்கருக்கு மேல் என்றால் வேண்டுமானால் தெற்கு, மேற்குக் கரைகளில் மட்டும், தண்ணீர் மட்டத்துக்கு ஓரடி மேலும் ஓரடி கீழுமாக ஒரு பட்டை கல் பதியுங்கள். மழைக்காலத்தில் நமக்கு வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து, கோடையில் கடல்காற்று கிழக்கிலிருந்து, ஆக அடி வாங்குவது அந்த இரண்டு கரைதான்.

எங்கே பதித்தாலும் கல்லுக்கு அடியில் அரையடிக்கு ஜல்லி பரப்பாமல் பதிக்க வேண்டாம், ஜல்லி இல்லாவிட்டால் கல்லிடுக்கு வழியாக மண் வெளியேறிவிடும். அடியில் ஒரு சின்னக் குழி எடுத்து முதல் வரிசைப் பெரிய கல்லை அதில் உட்கார வைத்தால்தான் மேல் வரிசை வழுக்காது.

கேள்வி: மூன்று வருடமாக நன்றாக நின்ற கரை, பங்குனியில் மோட்டார் போட்டு இரண்டே நாளில் முழுக்க இறைத்ததும் ஒரு பக்கம் வழுக்கி இறங்கிவிட்டது. மழையே இல்லாத மாதத்தில் எப்படி?
– ஒரு வாசகர், செங்குன்றம்

பதில்: இறைத்த வேகம்தான் காரணம். தண்ணீர் நிற்கும்போது கரை மண்ணுக்குள்ளும் தண்ணீர் ஊறியிருக்கும், வெளியே நிற்கிற தண்ணீர் அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். வெளித் தண்ணீரைச் சட்டென்று எடுத்துவிட்டால், உள்ளே ஊறிய தண்ணீர் வடிய நேரம் இல்லாமல் கனத்த சேறாக வழுக்கும். களிமண் அதிகமானால் வடிய இன்னும் நாள் ஆகும். இனிமேல் ஒரு நாளைக்கு அரையடிக்கு மேல் மட்டம் குறையாமல், வாரக்கணக்கில் இறையுங்கள். வழுக்கிய இடத்தை முன்பு இருந்ததைவிடத் தட்டையான சரிவாக வெட்டி எடுங்கள்.

கேள்வி: கரையில் காட்டாமணக்கு நட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். மீனும் விடலாம் என்றிருக்கிறோம், பக்கத்து மாடுகளும் தண்ணீர் குடிக்க வரும். எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?
– ஒரு வாசகி, பொன்னேரி

பதில்: நெய்வேலிக் காட்டாமணக்கு சீக்கிரம் பிடிக்கும், உண்மைதான். அப்புறம் விடாது. குட்டைக்குள் இறங்கி இடத்தை அடைத்துக்கொள்ளும், ஆடு மாடு தின்றால் அதற்கும் கேடு. ஆகாயத்தாமரையை அழகுக்காகக்கூட உள்ளே விடாதீர்கள், பக்கிங்ஹாம் கால்வாயைப் பார்த்தால் போதும். சீமைக்கருவேலக் கன்று முளைத்தால் விரலளவு இருக்கும்போதே பிடுங்குங்கள். கொட்டி எழுப்பிய கரைமேல் பெருமரம் எதுவும் வேண்டாம், மரம் பட்டுப்போனால் அழுகிய வேர் விட்ட துளை வழியாகத் தண்ணீர் போகும். நொச்சி வைக்கலாம். பனை விதையைக் கரையின் வெளி அடிவாரத்தில் போடலாம், பலன் உங்கள் பேரன் காலத்துக்கு.

மீனில் கட்லா, ரோகு விடுங்கள். சாதாக் கெண்டை கரையைக் கிளறித் தோண்டுகிற மீன், ஜிலேபிக் கெண்டையும் ஓரத்தில் குழி பறிக்கும், புதுக் கரைக்கு இரண்டும் ஆகாது. நண்டு வளை தெரிந்தால் முழுக்கத் தோண்டி ஈரக் களியால் இறுக்கி அடையுங்கள். மாடுகளை விரட்ட வேண்டாம், பாவம், கோடையில் அவை எங்கே போகும்? ஒரு பக்கத்தில் மட்டும் பத்தடி அகலத்துக்கு நன்றாகத் தட்டையாக, ஜல்லியும் கல்லும் இறுக்கி ஒரு இறக்கம் போட்டுக் கொடுத்து, மற்ற மூன்று பக்கமும் முள்வேலியோ மூங்கில் தடுப்போ வைத்துவிடுங்கள்.

கேள்வி: நாங்கள் இப்போதுதான் வெட்டுகிறோம், முடிய புரட்டாசி ஆகிவிடும். புல் பிடிக்க நேரம் இல்லை. இந்த ஒரு மழைக்காலத்தை எப்படித் தாண்டுவது? வார இறுதியில் பேரக்குழந்தைகளும் வருவார்கள், பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: ஐயா, முடிந்தால் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். முடியாது என்றால் சுற்று வாய்க்காலும் கலங்கலும் முதலில், குட்டை அப்புறம். சரிவு எடுத்த அன்றே கேழ்வரகும் தட்டைப்பயறும் நெருக்கமாகத் தூவி, மேலே வைக்கோல் பரப்பி, கயிறு கட்டிப் பிடித்து வையுங்கள், ஒரு வாரத்துக்குள் முளைத்து மண்ணைப் பிடிக்க ஆரம்பிக்கும். கையில் காசு இருந்தால் தென்னை நார் வலை வாங்கலாம், மேல் விளிம்பில் ஓரடி பள்ளத்தில் புதைத்து, சரிவோடு ஒட்டி விரித்து, மூங்கில் முளை அடித்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும், அதற்குள் புல் அதன் ஊடே வளர்ந்துவிடும், வலை மண்ணோடு மக்கிப்போகும். காசு இல்லையென்றால் தென்னை மட்டையைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகப் படுக்க வைத்து முளை அடியுங்கள். பிளாஸ்டிக் சாக்கில் மணல் மூட்டை கட்டி அடுக்காதீர்கள், ஒரு வெயில்காலத்தில் சாக்கு பொடிப்பொடியாகி மண்ணோடு கலந்துவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் வேலி போட்ட பிறகுதான் தண்ணீர் நிரம்ப வேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். செங்குத்தான, சேறு வழுக்குகிற கரையில் விழுந்தால் நீச்சல் தெரிந்த பெரியவரே ஏறுவது கஷ்டம், குழந்தையால் முடியவே முடியாது. ஒரு பக்கமாவது ஓரடிக்கு மூன்றடி சரிவில், கால் ஊன்றி நடந்து வெளியே வருகிற மாதிரி வையுங்கள். வேலி நாலடிக்குக் குறையாமல், பூட்டு உள்ள கதவோடு இருக்கட்டும், கதவுக்குப் பக்கத்திலேயே காற்றடைத்த லாரி ட்யூப் ஒன்றை நீளக் கயிறோடு மாட்டி வையுங்கள்.